இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் மின்னஞ்சல் எழுதுமா?

2025 ஆகஸ்டில் வந்த கிட் 2.51, மூன்று துணைக்கட்டளைகளின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. ஸ்விட்ச், ரீஸ்டோர் இரண்டின் மேலும் ஆறு ஆண்டுகளாக ஒட்டியிருந்த ‘சோதனை முயற்சி’ முத்திரை நீங்கியது. கமிட்டுகளையும் அவற்றின் மாற்றங்களையும் காட்டும் வாட்சேஞ்ச்டு நீக்கப் பட்டியலில் ஏறியது, கிட் 3.0-இல் அதற்கு இடமில்லை.

முதல் முடிவில் குறை சொல்ல ஏதுமில்லை. கிளை மாற்றுவதும் கோப்பை மீட்பதும் செக்அவுட் என்ற ஒரே பெயருக்குள் முட்டிக்கொண்டிருந்தன. 2019-இல் வந்த 2.23 இரண்டுக்கும் தனிப்பெயர் கொடுத்தது. செக்அவுட்டின் மேல் கை வைக்கவில்லை. 2017-இல் டாக்கர் 1.13-உம் இப்படித்தான் நடந்துகொண்டது. ‘டாக்கர் கன்டெய்னர் எல்எஸ்’ என்று கட்டளை மரம் ஒரு படி ஆழமானது. பழைய ‘டாக்கர் பிஎஸ்’ இன்றும் ஓடுகிறது.

வாட்சேஞ்ச்டுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அதை அழைத்தால் கிட் ஓட மறுக்கிறது. ‘--ஐ-ஸ்டில்-யூஸ்-திஸ்’ என்ற கொடியைச் சேர்க்க வேண்டுமாம். இன்னமும் பயன்படுத்துவதாக மின்னஞ்சலும் அனுப்ப வேண்டுமாம்.

யார் அனுப்புவது? இரவு இரண்டு மணிக்கு கிரானில் ஓடும் ஸ்கிரிப்டா?

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: வாட்சேஞ்ச்டின் வெளியீட்டை பைப் வழியாக ‘டபிள்யூசி -எல்’லுக்கு அனுப்பி, நேற்றைய மாற்றங்களை எண்ணும் வரி. மறுப்புச் செய்தி எஸ்டிடிஎர்ருக்குப் போகும். அதை முன்பே யாரோ டெவ்-நல்லில் தள்ளியிருப்பார்கள். பைப்ஃபெயில் போடாத ஷெல்லுக்குக் கடைசிக் கட்டளையின் வெளியேற்றக் குறியீடு மட்டுமே கணக்கு. ஆகவே ஸ்கிரிப்ட் வெற்றி என்று முடியும். அறிக்கையில் பூஜ்யம் இருக்கும். பார்ப்பவர் நேற்று யாரும் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

துணைக்கட்டளையின் பெயரும் ஓர் ஏபிஐதான் என்று இந்த இதழ் பலமுறை எழுதிவிட்டது. 2008-இல் கிட் 1.6.0 ‘கிட்-கமிட்’ போன்ற இணைகோட்டுப் பெயர்களைப் பாத்திலிருந்து அகற்றி லிப்எக்செக்குக்குக் கொண்டுபோனபோதும் எத்தனையோ ஸ்கிரிப்டுகள் படுத்தன. பதினேழு ஆண்டுகள் கழித்தும் மரத்தைப் பராமரிப்பவர்கள் கிளையை வெட்டிவிட்டு, கூடு கட்டியவர்களை மனு எழுதச் சொல்கிறார்கள். கையேடு வெகுகாலமாகப் புதியவர்களை லாக் பக்கம் திருப்பிவருகிறது என்பது சமாதானமாகாது. ஓடும் ஸ்கிரிப்ட் கையேடு படிப்பதில்லை.

கருவிகளும் இல்லாமலில்லை. கோ மொழியின் கோப்ரா நூலகத்தில் ஒரு கட்டளையின் டெப்ரிகேட்டட் புலத்தை நிரப்பினால் எச்சரிக்கை அச்சாகும், கட்டளையும் ஓடும். பைத்தான் 3.13-இன் ஆர்க்பார்ஸ், ஆட்-பார்சருக்கும் அதே வசதியைத் தந்திருக்கிறது. உங்கள் மரத்தில் ஒரு பெயரை ஓய்வு பெறவைக்கும்போது இந்த வழியில் போங்கள்.

கிட் 3.0 வரும்வரை காத்திருக்காமல் ஸ்கிரிப்டுகளை இப்போதே ஒருமுறை கிரெப் செய்துவிடுங்கள். வாட்சேஞ்ச்டு இருக்கும் இடங்களில் ‘கிட் லாக் --ரா --நோ-மெர்ஜஸ்’ என்று மாற்றினால் போதும்.