சொந்த வீட்டில் குடியிருப்போரின் செலவுச் சுமையைக் குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
அடுக்குமாடி வீட்டு உரிமையாளர்கள் நலச் சங்கம்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர்கள்,
1. வணிகவரி மற்றும் பதிவுத் துறை
2. நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை
3. எரிசக்தித் துறை
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: முத்திரைத் தீர்வை, சொத்து வரி, பொதுப் பயன்பாட்டு மின்கட்டணம் ஆகியவற்றில் நடைமுறையில் உள்ள சலுகைகளை விரிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் சங்கத்தினரில் பெரும்பாலோர் ஒரே ஒரு வீடு வாங்கி, அதிலேயே குடியிருப்பவர்கள். முதலீட்டுக்காக வாங்குபவர் விலை ஏறும்போது விற்கலாம். வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம். குடியிருப்பவருக்கு அந்த வழிகள் இல்லை. வீட்டின் மதிப்பு எவ்வளவு உயர்ந்தாலும், அவர் கையிலிருந்து போவது செலவு மட்டுமே.

அரசு இதை உணராமல் இல்லை. கடந்த சில ஆண்டுகளில் நல்ல சலுகைகள் பல வந்துள்ளன. ஆனால் அவை மிகவும் தேவைப்படுவோருக்கு ஓர் அடி முன்பே நின்றுவிடுகின்றன. அந்த எல்லைகளைச் சற்று நகர்த்துமாறு கேட்கவே இம்மனுவை அளிக்கிறோம்.

1. பழைய வீடுகளின் பதிவு: 2023 டிசம்பர் 1 முதல், 50 லட்சம் ரூபாய் வரையிலான புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 4 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என மொத்தம் 6 விழுக்காடு வசூலிக்கப்படுகிறது. மறுவிற்பனைக்கோ 7-ம் 2-ம் சேர்ந்து 9 விழுக்காடு. 45 லட்ச ரூபாய்க்குப் புது வீடு வாங்குபவர் 2,70,000 ரூபாய் கட்டுகிறார்; அதே விலைக்குப் பழைய வீடு வாங்குபவர் 4,05,000 ரூபாய் கட்டுகிறார். புது வீடு கட்டுப்படியாகாதவர்தான் பழைய வீட்டைத் தேடி வருகிறார். ஒழுகும் மொட்டை மாடிக்கும் துருப்பிடித்த குழாய்களுக்கும் அவர் தனியே செலவழிக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் வீடு வாங்கிய தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர், முன்பணம் கொடுத்தது போக எஞ்சியிருந்த நகையையும் அடகு வைத்தே பத்திரச் செலவைக் கட்டினார். எனவே 50 லட்சம் ரூபாய் வரையிலான மறுவிற்பனைக்கும் 6 விழுக்காட்டையே நிர்ணயிக்க வேண்டும்.

2. பெண்கள் பெயரில் பதிவு: 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கப்படுகிறது. சென்னையில் அந்த விலைக்குள் குடியிருக்கத் தக்க வீடு கிடைப்பது மிக அரிது. நகர்ப்புறங்களில் இந்த வரம்பை 50 லட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டும்.

3. சொத்து வரி: 2022 சீராய்வில், சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடும் வரி உயர்த்தப்பட்டது. சிறிய வீட்டுக்குச் சிறிய சுமை என்பதே அதன் அடிப்படை. 2024-இல் கொண்டுவரப்பட்ட 6 விழுக்காடு உயர்வில் அந்த வேறுபாடு இல்லை. ஆண்டுதோறும் இதே உயர்வு தொடர்ந்தால் 12 ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகும். ஓய்வு பெற்றவரின் வருமானம் அப்படி வளராது. 1,200 சதுர அடிக்கு உட்பட்ட, உரிமையாளரே குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு ஆண்டு உயர்விலிருந்து விலக்கு அளிக்க வேண்டும்.

4. பொது மின்கட்டணம்: 10 வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணம் 2023 நவம்பரில் யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. எட்டு வீடுகள் கொண்ட எங்கள் கட்டடம் ஒன்றில், 78 வயது மூதாட்டி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் படியிறக்குகிறார்கள். லிஃப்ட் வைத்தால் தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும்கூடக் கட்டணம் உயருமே என்று, அதற்கான தீர்மானம் பொதுக்குழுவில் இருமுறை தள்ளிப்போனது. முதியோருக்கு லிஃப்ட் ஆடம்பரம் அல்ல. அந்த நிபந்தனையை நீக்க வேண்டும்.

புதிய திட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. அரசே ஏற்றுக்கொண்ட நியாயத்தைப் பழைய வீட்டுக்கும், சிறிய வீட்டுக்கும், படியேற முடியாதவர் வீட்டுக்கும் நீட்டித்து ஆணையிடுமாறும், எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கருத்துக் கேட்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்