முத்துக்கரையின் அடுக்களை

தமிழ்த்துறை மலரில் காப்பியத்திற்கு இடமுண்டு, கவிதைக்கு இடமுண்டு. அடுக்களைக்கு என்ன வேலை என வினவுவோர் உளர். சங்கப் புலவர் அவ்வாறு வினவவில்லை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நத்தத்தனார், தம் சிறுபாணாற்றுப்படையில் பாணனுக்கு வழி கூறுங்கால் ஊரின் பெயரோடு அவ்வூர் உணவையும் சேர்த்தே கூறுகிறார். எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன். வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூடும். ஆமூர் உழவர் மனையில் வெண்சோறும் நண்டும். எல்லா ஊரிலும் எல்லாம் கிடைக்கும் என்று அவர் பாணனை ஏமாற்றவில்லை. நிலம் மாறினால் உலையில் வேவதும் மாறும் என்பதே அவர் கண்ட உண்மை. அதனை நம் தலைமுறை மறந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கவலை.

கொற்கை முத்தின் புகழை நம் மாணவர் அறிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறையில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கின என்பதையும் அறிவர். அம்முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால், அந்தக் கடல் வழியே வந்தவை நம் சமையலறையில் இன்னும் குடியிருக்கின்றன. சூரை மீனை அவித்துப் புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்திய மாசி, மாலத்தீவோடும் இலட்சத்தீவோடும் நாம் கொண்ட உறவின் அடையாளம். ஐரோப்பியர் பாதாம் பருப்பிட்டுச் செய்த மக்ரூனைத் தூத்துக்குடி அடுமனையார் முந்திரியிட்டுச் செய்து, தம் ஊர்ப் பண்டமாகவே ஆக்கிக்கொண்டனர். அரபு மண்ணின் வரலாற்றைப் பாட வந்த உமறுப் புலவர், சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் மழையையும் ஆற்றையும் வயலையும் தமிழ் நிலத்தினவாகவே அமைத்தார் அல்லவா? நம் கரையின் சமையற்காரர் செய்ததும் அதுவே. வந்த பொருளை ஏற்றனர். ஊரின் பொருளால் சமைத்தனர்.

நம் இல்லங்களில் குழம்பை ‘ஆணம்’ என்கிறோம். மீனாணம், புளியாணம் எனும்போது வெளியூர் மாணவர் சிலர் நகைப்பதுண்டு. நகைப்பவர் தமிழகராதியைப் புரட்டிப் பார்க்கட்டும். குழம்பு என்னும் பொருள் அங்கே இருக்கும்.

பெருநாள் காலையில் நம் வீடுகளில் அவியும் வட்டலப்பத்தைப் பாருங்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலமும் சேர்ந்த இப்பண்டத்தை இலங்கையில் கித்துல் கருப்பட்டியிட்டுச் செய்வர். நம் கரையில் பனங்கருப்பட்டி இடுவோரும் உளர். சீனி இடுவோரும் உளர். சீனியிட்டது வெளுத்து இனிக்கும். கருப்பட்டியிட்டதற்கோ ஒரு மணம் உண்டு. அது உடன்குடித் தேரி நிலத்தின் மணம்.

அம்மணம் எளிதில் வருவதன்று. பனையேறி காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளையைச் சீவுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிடின் இறங்குவது கள், தடவினால் பதநீர். நமக்கு விலக்கப்பட்டதற்கும் ஆகுமானதற்கும் இடையே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பே! அச்சுண்ணாம்பும் இக்கரையூர்களில் கடற்சிப்பியை நீற்றிச் செய்யப்பட்டது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். விடிலியின் புகையில் நின்று, பொங்கும் பதநீரைப் பதம் வரும்வரை கிண்டி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்மக்கள். ஆக, நம் பெருநாள் இனிப்பில் பாதிச் சமையல் நம் வீட்டில் நடப்பதன்று. தேரிக்காட்டு நாடார் குடும்பத்தின் அடுப்பில் நடப்பது. நம் மீனாணத்தின் பாதி பரதவர் வலையில் நடப்பதுபோலவே இதுவும். ஒரு சமயத்தார் பண்டிகை மற்றொரு சமயத்தார் உழைப்பால் இனிக்கிறது என்பதை மேடையில் முழங்காமலே நம் பாட்டிமார் அறிந்திருந்தனர்.

இன்றைய நிலை என்ன? திருமணங்களில் எங்கு நோக்கினும் பிரியாணி. பிரியாணியின்மீது எனக்குப் பகையில்லை. ஆயினும், காயல்பட்டினத்துக் களறிச் சாப்பாட்டின் நெய்ச்சோறும் கறியும் கத்தரிக்காய் மாங்காயும், ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பழக்கமும் ஓர் ஊரின் முகவரி. சென்னையிலும் கிடைக்கும் உணவைச் சென்னையிலிருந்தே வரவழைத்து உண்பதற்கு ஊர் எதற்கு? தொலைக்காட்சியும் கைப்பேசியும் கற்பிக்கும் செய்முறைகளில் எல்லாப் பொருளும் பொட்டலத்தில் வருகின்றன. பொட்டலத்திற்குப் பருவம் தெரியாது. மீன் படும் காலமும் பதநீர் வற்றும் காலமும் அறிந்தவளுக்கே, இல்லாததைக் கொண்டு புதிதாக ஒன்றைச் சமைக்கவும் தெரியும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும், ஆத்தூர் வெற்றிலைக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது எனத் தமிழக அரசு 2021-இல் அறிவித்ததும் நன்றே. பெயருக்குக் காவல் வந்தது, மரத்திற்கும் வந்தது, ஏறுபவருக்கு வரவில்லை. உயிரைப் பணயம் வைக்கும் தொழிலுக்கு மகனை அனுப்ப எந்தத் தந்தை விரும்புவார்? சீனி கலந்த கருப்பட்டி மலிவாகக் கிடைக்கும்போது நாமும் அதையே வாங்குகிறோம். நல்ல கருப்பட்டிக்கு நல்ல விலை கொடுக்கத் தயங்கும் நாம், மண்டப அலங்காரத்திற்குத் தயங்குவதில்லை. சமுதாயப் பெரியோர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒரு திருமண விருந்தின் இனிப்பையேனும் கலப்பற்ற கருப்பட்டியில் செய்வது நம்மால் இயலாததா?

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பட்டப்படிப்பிற்கும் ஆய்விற்கும் தலைப்புக் கிடைக்கவில்லை என்று அறைக்கு வருவோர் ஆண்டுதோறும் உளர். விடிலி, பாளை, புட்டுக்கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, களறி, சஹன், ஆணம் என இக்கரையின் அடுக்களைச் சொற்களை மட்டும் தொகுத்தாலே ஒரு நல்ல ஆய்வேடு அமையும். வீட்டில் மூத்த பெண்மணி இருப்பின் அவரிடமிருந்தே தொடங்கலாம். பொருளின் பெயரோடு, அது எந்த மாதத்தில் எங்கிருந்து வந்தது, யார் கொணர்ந்து தந்தனர் என்பதையும் கேட்டெழுதுக. பதநீர்ப் பருவம் நம் கோடை விடுமுறையில்தான் வருகிறது. உடன்குடிப் பக்கம் செல்வோர் விடியற்காலையே சென்றுவிடுவது நல்லது. வெயில் ஏறுமுன் பதநீர் இறங்கிவிடும்.