'ஒருவகைக் கீரை' என்னும் உரை

சிறுபாணாற்றுப்படையைப் பாடம் நடத்தும்போது ஓரிடத்தில் நாம் ஆண்டுதோறும் தடுமாறுகிறோம். வறுமையுற்ற கிணைமகள் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். வேளை என்பது யாது என்று மாணவர் வினவினால், 'ஒருவகைக் கீரை' என்று கூறிக் கடந்துவிடுகிறோம். முதுகலை பயின்ற நமக்கு அதற்குமேல் தெரியாது.

விருதுநகர், சாத்தூர்க் கரிசலில் வளர்ந்த பாட்டியருக்குத் தெரியும். மழைக்குப் பின் முளைக்கும் நல்வேளையும் நாய்வேளையும் ஒரே சாயலின. இரண்டிலும் சிற்றிலைகள் விரல்கள்போல் விரிந்திருக்கும். பூத்தபின் குழப்பமில்லை: வெள்ளை நல்வேளை, மஞ்சள் நாய்வேளை. பூக்குமுன் இலையைக் கசக்கி மோந்து பிரிப்பார்கள். மூக்கிரட்டையை இலையடியின் வெளுப்பாலும் தடித்த வேராலும் அறிவார்கள். சதைப்பற்றுள்ள சாரணையை அதுவென்று கொள்ளமாட்டார்கள்.

இத்தகைய குழப்பம் சிலபோது உயிரையும் வாங்கும். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 மலர்களுள் முதலாவதான செங்காந்தளின் கிழங்கில் கொல்கிசின் என்னும் நஞ்சு உண்டு. அதைச் சர்க்கரைவள்ளி என்றெண்ணி உண்டு மாண்டவர்களை இலங்கை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சுருண்டு பற்றும் இலைநுனியும் கலப்பைபோல் கவைத்த கிழங்குமே அதன் அடையாளம். 'கலப்பைக்கிழங்கு' என்ற பெயரே ஓர் எச்சரிக்கை. பெயர் மறந்தால் எச்சரிக்கையும் போயிற்று.

அந்தக் கல்வி பசியில் பிறந்தது. அதைப் பொற்காலமாக்க வேண்டா. 1920களில் சிவகாசியில் காலூன்றிய தீப்பெட்டித் தொழிலும் பின்வந்த பட்டாசுத் தொழிலும் வானம் பார்த்த பூமியின் பெண்களுக்குக் கூலி தந்தன, விபத்துகளையும் தந்தன. ஆனால் காட்டில் கீரை கிள்ளிய காலைப்பொழுதை ஆலைப் பேருந்து கொண்டுபோயிற்று. பாட்டியர் கற்றது மகள்களோடு நின்றது. பேரப்பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்து நாம் சொல்லும் 'ஒருவகைக் கீரை'யை எழுதிக்கொள்கிறார்கள்.

வரும் ஐப்பசியில் ஒரு வகுப்பையேனும் காட்டோரத்தில் நடத்துவோம். மாணவர்கள் தத்தம் பாட்டியரை அழைத்து வரட்டும். படத்தைப் பார்த்து எதையும் பறித்துண்ண வேண்டா. கையில் ஏந்தி, கசக்கி மோந்து, பெயர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அன்று உரையாசிரியர் பாட்டி. நாம் மாணவர் வரிசையில் அமர்வோம்.