ஒளியும் திருத்தமும்

ஒளிப்படக்கலையைத் தொடங்குவோர் படத்திருத்த மென்பொருளைக் கற்பதற்குக் காலமும் பொருளும் செலவிட வேண்டுமா? காலம் செலவிடத்தான் வேண்டும். பொருள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திருச்சி காந்தி மார்க்கெட்டின் விடியற்காலையை எண்ணிப் பார்ப்போம். விளக்கொளியில் வெங்காய மூட்டைகள். அவற்றைச் சுமக்கும் தொழிலாளியின் முகத்தில் நிழல். சுற்றியுள்ள இருளைக் கண்டு கேமரா தானாகவே ஒளியை மிகுதியாக ஏற்றால், விளக்கருகே உள்ளவை முற்றிலும் வெளிறிவிடும். அங்குப் பதிவே இல்லாமையால் எந்த மென்பொருளாலும் அதனை மீட்க இயலாது. நிழலில் உள்ள முகத்தையோ ஓரளவு மீட்கலாம். ஜேபெக் படம் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 ஒளிநிலைகளையே கொள்ளும். 14 பிட் ரா கோப்பு 16,384 நிலைகளைக் கொள்ளும். திருத்தும்போது இவ்வேறுபாட்டை உணர்ந்தவர், மறுநாள் சந்தையில் ஒளியை அளந்து படமெடுப்பார். திருத்தப் பயிற்சி இவ்வாறு கண்ணுக்கும் பயிற்சியாகிறது.

இதற்கென மாணவர் கடன்படத் தேவையில்லை. கிம்ப், டார்க்டேபிள் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

திருத்தம் கணினியோடு பிறந்ததும் அன்று. பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவின்மீது பென்சிலால் தழும்பை மறைத்தனர். ஆயினும் செய்திப்படத்திற்கு எல்லை உண்டு. காட்சியில் இல்லாததைச் சேர்ப்பதையும் இருப்பதை நீக்குவதையும் ‘வேர்ல்ட் பிரஸ் போட்டோ’ போட்டி ஏற்பதில்லை. சுமைதூக்குபவரின் முகத்திலுள்ள இருளை நீக்குவது திருத்தம். அவர்தம் வியர்வையை நீக்குவது பொய். இவ்வேறுபாட்டை அறிவதே தொடக்கநிலையாளர் கற்க வேண்டிய முதற்பாடம்.