ஒரே பெட்டிக்கு எத்தனை வரி?

2025 பிப்ரவரி 1 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிதிநிலை அறிக்கையை வாசித்தபோது, 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்ற அறிவிப்பைத்தான் நாடே பேசியது. சுங்க வரி பற்றிய பகுதியில் இருந்த இன்னோர் அறிவிப்பு பலர் கண்ணில் படவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான ‘கேரியர் கிரேடு’ ஈதர்நெட் ஸ்விட்சுகளின் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, மற்ற ஈதர்நெட் ஸ்விட்சுகளுக்குச் சமமாக்கப்பட்டது. வகைப்பாட்டுத் தகராறுகளைத் தடுக்கவே இது என்று அமைச்சர் வெளிப்படையாகவே சொன்னார்.

ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் கருவிகளுக்கு வேறு வேறு வரி வைத்தால் வழக்குதான் பெருகும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஸ்விட்சுக்குப் பொருந்தும் இந்த நியாயம் மற்ற வலையமைப்புக் கருவிகளுக்கும் பொருந்த வேண்டும்.

மேற்குப் புறநகரின் கவலை

சென்னையின் மேற்குப் புறநகரில், 1960களில் தொழிற்பேட்டையால் வளர்ந்த அம்பத்தூர், இன்று தரவு மையங்களின் ஊராகவும் ஆகிவிட்டது. என்டிடி, கன்ட்ரோல்எஸ், டிஜிட்டல் கனெக்‌ஷன் ஆகிய நிறுவனங்களின் மையங்கள் இங்கே உள்ளன. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட டிஜிட்டல் கனெக்‌ஷன் மையத்தின் முதல் கட்டமே 20 மெகாவாட். இவற்றின் அரங்குகளில் வரிசை வரிசையாக நிற்கும் ஸ்விட்ச், ரௌட்டர், ஒளியிழைக் கருவிகளில் பெரும்பகுதி கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குபவை.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். அந்த வட்டாரத்தில் ஃப்ளெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2024 செப்டம்பரில் சிஸ்கோ ரௌட்டர் தயாரிப்பைத் தொடங்கியது. இந்தப் பெரிய நிறுவனங்கள் போக, ஆவடியிலும் திருமுல்லைவாயலிலும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நெட்வொர்க் போட்டுத் தரும் சிறு நிறுவனங்களும் உண்டு. வாங்குகிறவர், தயாரிக்கிறவர், சிறு வணிகர் மூவரின் கணக்கும் சுங்க அட்டவணையின் 8517 என்ற ஒரே தலைப்பில் வந்து முடிகிறது.

தொலைபேசியும் தரவை அனுப்பும், பெறும் கருவிகளும் அடங்கிய தலைப்பு அது. அதற்குள் 8517 62 90 என்பது ‘இதர’ கருவிகளுக்கான எண். வைஃபை கருவி, ஸ்விட்ச், ரௌட்டர் எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. எண்ணைக் கண்டுபிடித்தாலும் வேலை முடிவதில்லை. அந்த எண்ணுக்குள்ளேயே எதற்குச் சலுகை, எதற்கு இல்லை என்று விலக்கு அறிவிக்கைகள் தனியாகப் பட்டியல் போடுகின்றன. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

இரண்டு உதாரணங்கள்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடிங்டன் நிறுவனம் இறக்குமதி செய்யும் வைஃபை அணுகு கருவிகள் பற்றிய வழக்கு ஒன்று. ‘மைமோ மற்றும் எல்டிஇ பொருட்கள்’ வரிச்சலுகையில் சேராது என்றது அன்றைய அறிவிக்கை. பல ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் தரவை அனுப்பிப் பெறுவது மைமோ. எல்டிஇ என்பது நான்காம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பு. வைஃபை கருவியில் மைமோ உண்டு, எல்டிஇ கிடையாது. மைமோ இருந்தாலே சலுகை போய்விடும் என்றது சென்னை விமானச் சரக்குச் சுங்க ஆணையரகம். இரண்டும் சேர்ந்திருக்கும் பொருளுக்குத்தான் அந்தச் சலுகை மறுப்பு பொருந்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அலுவலகச் சுவரில் மாட்டும் ஒரு பெட்டிக்கு என்ன வரி என்று அறிய, சென்னை நிறுவனமும் சென்னைச் சுங்கமும் டெல்லிவரை போக வேண்டியிருந்தது.

இன்னொன்று, ஸ்விட்சின் முகப்பில் செருகப்படும் எஸ்எஃப்பி. கட்டைவிரல் அளவே உள்ள உலோகத் துண்டு. மின்குறியை ஒளியாகவும் ஒளியை மின்குறியாகவும் மாற்றும். தனியாக மேசையில் வைத்தால் ஒன்றும் செய்யாது. அது ஸ்விட்சின் உதிரிபாகமா, தானே ஒரு முழுக் கருவியா? ரிலையன்ஸ் ஜியோ தொடர்ந்த வழக்கில் மும்பையில் உள்ள சுங்க வரித் தீர்ப்பாயம் அதை உதிரிபாகம் என்றது.

வரி ஒன்றாகவே இருந்திருந்தால் இப்படிப்பட்ட கேள்விகளை யாரும் நீதிமன்றம்வரை கொண்டுபோயிருக்க மாட்டார்கள்.

எப்படி இந்த நிலை?

1996இல் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா மறு ஆண்டே சேர்ந்தது. கணினி, தொலைத்தொடர்புக் கருவிகள் பலவற்றுக்கு வரியைப் பூஜ்யமாக்குவதாக உறுதியளித்து, 2005இல் விலக்கு அறிவிக்கையும் வெளியிட்டது. அந்தப் பட்டியல் பழைய தொழில்நுட்பத்துக்கானது, புதியவற்றை அது கட்டுப்படுத்தாது என்ற நிலைப்பாட்டில் 2014 ஜூலையில் சில கருவிகள் விலக்கிலிருந்து நீக்கப்பட்டன. 2018 அக்டோபரில் அவற்றில் பலவற்றின் வரி 20 சதவீதமானது. ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தைவான் ஆகியவை தனித்தனியே தொடுத்த வழக்குகளில், 2023 ஏப்ரல் 17 அன்று உலக வர்த்தக அமைப்பின் குழுக்கள் பெருமளவு இந்தியாவுக்கு எதிராக அறிக்கை தந்தன. ஐரோப்பிய ஒன்றிய, ஜப்பான் வழக்குகளில் இந்தியா மேல்முறையீட்டுக்குப் போனது; ஆனால் மேல்முறையீட்டு அமைப்பே 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது.

உள்நாட்டுத் தயாரிப்பைக் காக்க நினைத்தது தவறில்லை. ஆனால் பாதுகாப்புச் சுவரை முழுத் தலைப்பைச் சுற்றிக் கட்டாமல், தொழில்நுட்பப் பெயர்களை வைத்து நடுநடுவே எழுப்பியதால், எது உள்ளே எது வெளியே என்று ஒவ்வொரு பெட்டிக்கும் சண்டை போட வேண்டியதாயிற்று.

சுமை யார் தலையில்?

2011 முதல் சுயமதிப்பீட்டு முறை. சரியான எண்ணைப் போட வேண்டியது இறக்குமதியாளரின் பொறுப்பு. 2020 ஜூன் 8 அன்று முகமறியா மதிப்பீடு சென்னையிலும் பெங்களூரிலும் முதலில் தொடங்கியபோது எடுத்துக்கொண்டதே சுங்க அட்டவணையின் 84, 85ஆம் அத்தியாயங்களைத்தான். மீனம்பாக்கத்தில் இறங்கிய சரக்கின் ஆவணத்தை வேறு ஊர் அதிகாரி பரிசீலிக்கலாம். சரக்கு வெளியே வந்துவிட்டதால் எண் சரி என்றும் ஆகிவிடாது. சாதாரணமாக இரண்டு ஆண்டுக்குள் நோட்டீஸ் வரலாம்; உண்மையை மறைத்ததாகக் குற்றஞ்சாட்டினால் ஐந்து ஆண்டு பின்னோக்கிப் போகலாம்.

ஆவடியில் ஒரு சிறு நிறுவனம் ஒரு கோடி ரூபாய்ச் சரக்குக்கு 10 சதவீத வரி கட்டியதாக வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு கழித்து ‘20 சதவீதம்தான்’ என்று நோட்டீஸ் வந்து உறுதியானால், விடுபட்ட வரி 10 லட்சம், ஆண்டுக்கு 15 சதவீதம் வீதம் வட்டி 6 லட்சம், வரிக்கு நிகரான அபராதம் 10 லட்சம். ஆக 26 லட்சம். பொருளை விற்று ஆண்டுக்கணக்காகிறது. வாடிக்கையாளரிடம் போய்க் கேட்க முடியாது.

சாம்சங் போன்ற நிறுவனத்தால் போராட முடியும். செல்பேசிக் கோபுரங்களுக்கான ரேடியோ கருவிகளைத் தவறாக வகைப்படுத்தியதாக, 2025 ஜனவரியில் அதன் மீதும் அதன் அதிகாரிகள் மீதும் சுமத்தப்பட்ட வரியும் அபராதமும் 60 கோடி டாலர். அந்நிறுவனம் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. சிறு வணிகர் வழக்கறிஞரை அமர்த்துவதற்குள் கடையை மூட வேண்டிவரும்.

வேண்டுமென்றே எண்ணை மாற்றிப் போட்டு வரி ஏய்ப்பவர்கள் இருக்கிறார்கள், உண்மை. அவர்களுக்கு வழி திறந்துவிடுவதும் இந்த வரி வித்தியாசம்தான். விகிதம் ஒன்றானால் எண்ணை மாற்றுவதில் லாபமே இருக்காது.

செய்ய வேண்டியவை

முதலாவது, 8517 62 உட்தலைப்பில் வரும் வலையமைப்புக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே விகிதம். உள்நாட்டுத் தயாரிப்பாளருக்கு அதற்கு மேலும் கைகொடுக்க வேண்டுமென்றால், 2021இல் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு ஒதுக்கிய 12,195 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் போன்ற நேரடி வழி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு அது தெளிவான உதவி. அம்பத்தூரில் வாங்குபவருக்கும் அதனால் வழக்கு வராது.

இரண்டாவது, சென்னையில் முன்தீர்ப்பு ஆணையம். சரக்கு வரும் முன்பே வகைப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள சட்டம் இடம் தருகிறது. மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் 2021இல் அமைந்த ஆணையங்கள் டெல்லியிலும் மும்பையிலும்தான் உள்ளன. மின்னணு உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டுக்கு ஓர் அமர்வு கேட்பது நியாயம்.

மூன்றாவது, பொருளின் பெயரையும் விவரத்தையும் மறைக்காமல் எழுதியவர் மீது, எண்ணைப் படித்த விதத்துக்காக மட்டும் ஐந்தாண்டு நோட்டீஸ் பாயக் கூடாது. இதைச் சுற்றறிக்கையாக விடாமல் சட்டத்திலேயே எழுத வேண்டும். சரக்கு வெளியேறிய பிறகு இறக்குமதியாளர் தாமாகவே திருத்திக்கொள்ள 2025ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருப்பது நல்ல தொடக்கம்.

வரியைக் கட்ட மறுக்கிறவர்களுக்காக இதைக் கேட்கவில்லை. எவ்வளவு கட்ட வேண்டும் என்பது கட்டும் நாளிலேயே தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். அந்த உறுதியைக்கூடத் தராத அரசு, தொழில் தொடங்க வாருங்கள் என்று அழைப்பதில் பொருளில்லை.