படிக்கு ஒரு கயிறு, உயிருக்கு ஒரு கயிறு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15 கிட்டத்தட்ட ஒரு திருவிழா நாள். துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் ஆண்டுதோறும் அன்றுதான் தொடங்குகிறது. பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. தாத்தா, அப்பா, மகள் என்று குடும்பமாகக் காட்டுக்குக் கிளம்புபவர்கள் உண்டு. விடிவதற்கு முன்பே, கும்மிருட்டில், கை விரைக்கும் குளிரில், பலர் ஆளுக்கொரு மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஏன் மரம்? அங்கே அதிகம் வேட்டையாடப்படும் வெள்ளைவால் மானுக்கு மூக்கும் காதும் மிகக் கூர்மை. தரையில் நின்றால் மனித வாடை எட்டிவிடும். 15, 20 அடி உயரத்தில் அசையாமல் இருந்தால் அதன் கண்ணிலும் மூக்கிலும் படாமல் தப்ப வாய்ப்பு அதிகம்.

ஆனால் அந்த 15 அடியில்தான் ஆபத்தும் இருக்கிறது. பல மாநிலங்களின் வேட்டை விபத்துக் கணக்கைப் பார்த்தால், துப்பாக்கிக் குண்டுக்குப் போட்டியாக நிற்பது மரத்திலிருந்து விழுவதுதான். அதிலும் மேலே உட்கார்ந்திருக்கும்போது விழுபவர்களைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுபவர்களைப் பற்றித்தான் பாதுகாப்புப் பயிற்சி தருபவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள்.

நாடாவா, கயிறா?

மரத்தில் ஏற அவர்கள் அலுமினியப் படிகளைக் கொண்டுபோகிறார்கள். ஒரு தண்டில் கால் வைக்க இரண்டு மூன்று மிதிகள் இருக்கும். முதல் படியை அடிமரத்தோடு சேர்த்துக் கட்டி, அதில் ஏறி நின்று அடுத்ததைக் கட்டுவார்கள். மூன்று நான்கு படிகளில் மேலே போய்விடலாம். வேட்டை முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு இறங்குவார்கள்.

கடையில் வாங்கும் படியோடு உலோகப் பூட்டு வைத்த நாடா ஒன்று வரும். அதில் குறை இல்லாமல் இல்லை. அமைதியான காட்டில் பூட்டு ‘டக்’கென்று அலுமினியத்தில் மோதினால், பக்கத்தில் இருக்கும் மான் ஓடிவிடும். நனைந்த நாடா குளிரில் விறைத்துப் போகும். சுமக்க வேண்டிய எடையும் கூடும். அதனால்தான் பலர் நாடாவை எடுத்துவிட்டுக் கயிற்றுக்கு மாறுகிறார்கள்.

மாறுவதற்கு முன் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. தயாரிப்பாளர் எடை ஏற்றிச் சோதித்துப் பார்த்தது அந்த நாடாவோடு சேர்த்துத்தான். கயிற்றை மாற்றியதும் அந்த உத்தரவாதம் போய்விடும். அதன்பின் பொறுப்பு மாற்றியவருடையது.

வலு மட்டும் போதுமா?

கயிறு வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘எத்தனை கிலோ தாங்கும்?’ அந்தக் கேள்விக்குச் சுலபமாக ஜெயிப்பது டைனீமா. அளவுக்கு மீறி நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீனிலிருந்து நூற்கப்படும் இழை இது. கால் அங்குலத் தடிமனுள்ள டைனீமா கயிறு மூன்று டன்னுக்கு மேல் தாங்கும். அதே தடிமன் எஃகு வடத்துக்கு இணையான வலு. எடையோ ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். நீளாது, தண்ணீர் குடிக்காது, நனைந்தாலும் கனக்காது.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? முடியாது. இந்தக் கயிறு வழுக்கும். மற்ற கயிற்றில் இறுகி நிற்கும் சாதாரண முடிச்சு, இதில் பாரம் ஏற ஏற மெல்ல நழுவி அவிழ்ந்துவிடலாம். மேலும் எந்தக் கயிற்றிலும் முடிச்சு போட்டால், முடிச்சைப் பொறுத்து கால் பங்கிலிருந்து பாதி வரை வலு குறையும். முடிச்சில் இழைகள் மடங்கி, ஒரு பக்கம் மட்டும் இழுபடுவதே காரணம்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் இதில் முடிச்சு போடுவதில்லை. இந்தக் கயிறு உள்ளே கூடாக, பன்னிரண்டு புரிகளால் பின்னப்பட்டது. அதன் நுனியை அதன் வயிற்றுக்குள்ளேயே நீளமாகச் செருகி வளையம் செய்வார்கள். பாரம் ஏறும்போது வெளிப்பின்னல் சுருங்கி, உள்ளே இருக்கும் நுனியைக் கவ்விப் பிடிக்கும். இழுக்க இழுக்க இறுகும். இதைச் சரியாகச் செய்யத் தெரியாதவருக்கு மூன்று டன் கயிறு வெறும் அலங்காரம்தான்.

இன்னொரு பலவீனம் சூடு. சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே டைனீமா உருகத் தொடங்கும். பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். கயிறோடு கயிறு வேகமாக உரசும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது.

சாதுவான பாலியெஸ்டர்

படி கட்டுவதற்குச் சாதுவாக, நம்பிக்கையாக உழைப்பது பாலியெஸ்டர் கயிறு. டைனீமா அளவுக்கு வலு இல்லை. ஆனால் ஓர் ஆளைத் தாங்கத் தேவையானதைவிடப் பல மடங்கு உண்டு. அதிகம் நீளாது, நனைந்தால் வலு குறையாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். முடிச்சும் ஒழுங்காக நிற்கும்.

நைலான் அப்படியல்ல. அதன் சிறப்பே நீள்வதுதான். படியைக் கட்டும் இடத்தில் அந்தச் சிறப்பு குறையாகிவிடும். கால் வைத்ததும் கயிறு நீண்டால் படி ஓரங்குலம் இறங்கும், அல்லது பக்கவாட்டில் திரும்பும். இருட்டில், கையுறை போட்ட கையோடு ஏறுபவருக்கு அந்த ஓரங்குலம் போதும். ஈரத்தில் நைலான் கொஞ்சம் வலுவும் இழக்கும்.

மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலின் கயிற்றை இதற்கு நினைக்கவே கூடாது. வெயில் பட்டுப் பட்டு மொரமொரப்பாகி, பார்வைக்குத் தெரியாமலேயே செத்துப்போகும்.

இரண்டு வேலை, இரண்டு கயிறு

பலர் தவறு செய்வது இங்கேதான். படியைக் கட்டும் கயிறு நீளக் கூடாது. ஆனால் கால் தவறி விழும் ஆளைப் பிடிக்கும் கயிறு கொஞ்சமாவது கொடுக்க வேண்டும். கொஞ்சமும் நீளாத கயிறு விழும் உடலைச் சட்டென்று நிறுத்தும். அந்த அதிர்ச்சி முழுவதும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும். மலையேறுபவர்களின் கயிறு இன்றும் நைலானில் செய்யப்படுவதற்குக் காரணம் இதுதான். ‘வலுவான கயிறு மிச்சம் இருக்கிறதே’ என்று படி கட்டிய டைனீமாவையே பாதுகாப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வது, காப்பாற்ற வந்ததே காயப்படுத்துவதில் முடியலாம்.

படி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உடம்பில் முழுப் பட்டை இருக்க வேண்டும். அது மரத்தில் கட்டிய உயிர்க்கயிற்றோடு இணைந்திருக்க வேண்டும். அந்த இணைப்புக்குப் பயன்படுவது, ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் புருசிக் 1931-ல் அறிமுகப்படுத்திய முடிச்சு. கையால் தள்ளினால் நகரும். எடை விழுந்தால் இறுகி நிற்கும். தரையிலிருந்து கால் எடுத்தது முதல் திரும்பத் தரை தொடும்வரை இந்த இணைப்பு அவிழக் கூடாது. துப்பாக்கியைக் குண்டு எடுத்துவிட்டு, தனிக் கயிற்றில் பிறகுதான் மேலே இழுக்க வேண்டும்.

பருவம் முடிந்ததும் கயிறுகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. மரத்திலேயே விட்டால் அணில் கடிக்கும், வெயில் தின்னும், பருக்கும் மரம் இழுத்து இறுக்கும். அடுத்த ஆண்டு ‘போன வருஷம் தாங்கிச்சே’ என்று அதே கயிற்றில் கால் வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

நம் வீட்டுக் கயிறு

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஆனால் கயிற்றை நம்பி உயரத்துக்குப் போகும் வேலை இங்கும் நிறைய. வெள்ளையடிக்கச் சாரம் கட்டுகிறோம். தென்னை மட்டை வெட்ட ஆள் ஏற்றுகிறோம். வேப்பமரத்தில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போடுகிறோம்.

நம் கடைகளில் ‘நைலான் கயிறு’ என்று கேட்டால் கையில் கிடைப்பது பல நேரம் பாலிபுரொப்பிலின்தான். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நன்றாக அமுக்கி நனைத்துவிட்டுப் பாருங்கள். உண்மையான நைலான் மூழ்கும். பாலிபுரொப்பிலின் மிதக்கும்.

துணி காயப்போட மிதக்கும் கயிறு போதும். பிள்ளை ஆடும் ஊஞ்சலுக்கு, வெயிலில் ஒரு வருஷம் கிடந்த அந்தக் கயிறு வேண்டாம்.