ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர்!

ஒரு படகு. அதற்கு ஒரு சுக்கான். இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் இழுத்தால் என்ன ஆகும்?

காசிமேட்டுச் சிறுவனைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான். படகு கவிழும்!

2018-ம் ஆண்டில் இலங்கை அப்படித்தான் தத்தளித்தது.

மிளகாய்ப் பொடி பறந்தது!

அந்த ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி, ஜனாதிபதி சிறிசேனா திடீரென்று பிரதம மந்திரி ரணில் விக்ரமசிங்கேயை நீக்கினார். ராஜபக்சேயைப் பிரதம மந்திரி ஆக்கினார். 2015 தேர்தலில் சிறிசேனா தோற்கடித்தது இதே ராஜபக்சேயைத்தான்!

ரணில் அசையவில்லை. அரசாங்க மாளிகையை விட்டு வெளியேற மறுத்தார். நாட்டுக்கு இரண்டு பிரதம மந்திரிகள்!

நவம்பர் 9-ந் தேதி ஜனாதிபதி பார்லிமெண்டைக் கலைத்தார். சுப்ரீம் கோர்ட்டு அதற்குத் தடை போட்டது. மீண்டும் கூடிய சபையில் ஒரே ரகளை. நவம்பர் 16-ந் தேதி சபைக்குள் மிளகாய்ப் பொடி பறந்தது. சபாநாயகர் கரு ஜெயசூரியா போலீசார் சூழ உள்ளே வந்தார்.

வெளியார் பேச்சு

வீட்டில் சண்டை என்றால் தெருவே எட்டிப் பார்க்கும் அல்லவா? சீனத் தூதர் ராஜபக்சேயைச் சந்தித்து வாழ்த்துக் கூறினார். அமெரிக்கா, பார்லிமெண்டைக் கூட்டச் சொன்னது. அரசியல் சட்டத்தை மதிக்க வேண்டும் என்றது இந்தியா.

எல்லோருக்கும் அங்கே அக்கறை உண்டு. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது சீனக் கம்பெனி. சென்னைத் துறைமுகத்திலிருந்து போகும் சரக்குப் பெட்டிகளில் பல, கொழும்பில்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. கொழும்பில் குழப்பம் என்றால் ராயபுரத்து லாரிக்காரருக்கும் கவலைதான்.

அக்கறை தவறல்ல. ஆனால் நாற்காலியில் யார் உட்காருவது என்று வெளியார் சொல்லலாமா? கூடாது!

துறைமுகம் கண்ட பாடம்

1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தம் செய்தார்கள். அமைதி காக்க இந்தியப் படை இலங்கைக்குப் போனது. காக்கப் போன படை சண்டையில் சிக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டார்கள். தமிழ் மக்கள் பலரும் உயிர் இழந்தார்கள்.

1990 மார்ச்சில் படை திரும்பியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு நடந்தது. முதலமைச்சர் கருணாநிதி அதற்குப் போகவில்லை. நல்ல எண்ணத்தோடு போனதாகச் சொல்லப்பட்ட படைக்கே இந்தக் கதி!

கோர்ட்டு தீர்த்தது

2018 குழப்பத்தைத் தீர்த்தது எந்த நாட்டுப் படையும் அல்ல. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் தமிழர் தலைவர் சம்பந்தன். அந்த வழக்கே அவர் பெயரால் வழங்குகிறது. டிசம்பர் 13-ந் தேதி, பார்லிமெண்டைக் கலைத்தது செல்லாது என்று 7 நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். இரண்டு நாளில் ராஜபக்சே ராஜினாமா செய்தார். மறுநாள் ரணில் மீண்டும் பதவி ஏற்றார். ஒரு துப்பாக்கிக் குண்டும் தேவைப்படவில்லை!

அதற்காக, அண்டை நாடு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். "உங்கள் சட்டப்படி நடங்கள்" என்று சொல்லலாம். "இவரை வையுங்கள், அவரை விரட்டுங்கள்" என்று சொல்லக்கூடாது. முதலாவது நல்ல அயலான் பேச்சு. இரண்டாவது வீட்டைப் பங்கு போட வந்தவன் பேச்சு.

எண்ணூரைத் தாண்டி ரெயிலில் போனால் கும்மிடிப்பூண்டி. அங்கே முகாமில் இலங்கைத் தமிழர் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன. கொழும்பில் நாற்காலி ஆடும்போதெல்லாம், ஊர் திரும்பும் நாள் தள்ளிப்போகுமோ என்ற கவலை அந்த வீடுகளில் எழாமல் இருக்குமா?

சுக்கான் யார் கையில் என்பதைப் படகில் இருப்பவர்களே முடிவு செய்யட்டும். கரையில் நிற்பவர்கள் விளக்குக் காட்டினால் போதும்!